மறு: எஃப்பிஜிஏல செய்யற பழைய மினி கம்ப்யூட்டருக்கு என்ன பேர் வைக்கலாம்?

> ‘வன்பொருள் போன்மி’ன்னு வச்சுட்டா போதும், ‘மென்பொருள் போன்மி’க்கு ஜோடியா நிக்கும்.

வணக்கம் அண்ணா. ‘போன்மி’ன்னா எமுலேட்டர், அதாவது வேற ஒரு மெஷின் மாதிரியே நடந்துக்கறது; எஃப்பிஜிஏன்னா உள்ள இருக்கற மின்சுற்றை நாமளே நினைச்சபடி அமைச்சுக்கக்கூடிய சிப். எஃப்பிஜிஏல செய்யறதையும் ‘போன்மி’ன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஒரு சொல் கலைச்சொல் பட்டியல்ல ஏறிட்டா அப்புறம் இறக்கறது ரொம்ப கஷ்டம்.

பிடிபி-11ஐ எடுத்துக்குவோம். 1970ல டெக் கம்பெனி கொண்டுவந்த 16 பிட் மெஷின், யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் வளர்ந்ததே இதுமேலதான். இன்னிக்கு அதை வீட்ல ஓட்டணும்னா ஒரு வழி பாப் சுப்னிக் 1993ல ஆரம்பிச்ச சிம்ஹெச். அது சி மொழில எழுதுன புரோகிராம், மெமரில இருந்து ஒரு கட்டளையை எடுக்கும், என்னன்னு பார்க்கும், செய்யும், அடுத்ததுக்குப் போகும், டிஸ்க்குக்கு ஆகற நேரத்தைக்கூட பெரும்பாலும் எத்தனை கட்டளை ஓடிச்சுன்னு எண்ணித்தான் கணக்கு வச்சுக்கும். இன்னொரு வழி எஃப்பிஜிஏ. அங்க விஎச்டிஎல்ங்கற மொழில எழுதறது பார்க்க புரோகிராம் மாதிரியே இருக்கும், ஆனா அது வரிவரியா ஓடறதில்ல, ஒரு மின்சுற்று எப்படி இருக்கணும்னு சொல்ற விவரிப்பு அது. டூல் அதைப் படிச்சு சிப்புல இருக்கற லுக்-அப் டேபிளையும் (எந்த உள்ளீட்டுக்கு என்ன விடைன்னு வச்சிருக்கற சின்ன அட்டவணை) ஃப்ளிப்-ஃப்ளாப்பையும் (ஒரு பிட்டை நினைவு வச்சுக்கற சுற்று) இணைச்சுக் கொடுத்துடும், அப்புறம் கூட்டற பகுதி, முகவரி பார்க்கற பகுதி, டெர்மினல் போர்ட் எல்லாம் ஒரே நேரத்துல சேர்ந்து இயங்கும். ரெண்டுக்கும் ‘போன்மி’ன்னே பேர் வச்சா இந்த வித்தியாசம் காணாமப் போயிடும்.

அதுக்காக போன வாரம் ஒருத்தர் சொன்ன ‘மெய்ப்பொறி’யும் வேண்டாம். பிடிபி-11/70ஐ எஃப்பிஜிஏல கொண்டுவந்த டபிள்யூ11 திட்டத்தைப் பாருங்க, பிராசசர் சிப்புக்குள்ள இருக்கு, ஆனா டிஸ்க்கும் டேப்பும் பக்கத்துல இருக்கற பிசில ஓடற ஒரு புரோகிராம்தான். பைடிபி-11 இதுக்கு நேர் தலைகீழ், முன்னாடி அசல் 11/70 மாதிரியே விளக்கும் சுவிட்சும் வச்ச பேனல், உள்ள ராஸ்ப்பெரி பைல ஓடறது சிம்ஹெச். கண்ணுக்குத் தெரியறதை வச்சு எது மெய், எது போலின்னு பிரிக்கவே முடியாது.

ஆங்கிலத்தை அப்படியே பின்பற்றலாம்னு பார்த்தாலும் அங்கயே குழப்பம். 1960கள்ல ஐபிஎம் 360 கம்ப்யூட்டர் வந்தப்ப ‘எமுலேட்டர்’னா மைக்ரோகோடு (பிராசசருக்குள்ளயே இருக்கற அடிமட்டக் கட்டளைகள்), ஹார்டுவேர் உதவியோட பழைய மெஷினோட கட்டளையை ஓட்டறது, சாஃப்ட்வேர் மட்டும் செஞ்சா அது ‘சிமுலேட்டர்’. சிம்ஹெச் இன்னிக்கும் தன்னை சிமுலேட்டர்னுதான் சொல்லிக்குது. அதனால வேலை செய்யற விதத்தைப் பார்த்து நாமளே சொல் அமைக்கறதுதான் சரி.

என் பரிந்துரை ‘சுற்றுவார்ப்பு’. பிடிபி-11 சுற்றுவார்ப்பு, பிடிபி-8 சுற்றுவார்ப்பு. ‘சுற்றா வார்த்திருக்காங்க’ன்னு வினையாவும் வரும். ‘வார்ப்புன்னா இறுகிடுமே, எஃப்பிஜிஏவை எத்தனை தடவை வேணா மாத்தலாமே’ன்னு கேக்கலாம், வெண்கலத்தையும் உருக்கித் திரும்ப வார்க்கத்தானே செய்யறாங்க. ‘போன்மி’ சிம்ஹெச் வகைக்கு மட்டும் இருக்கட்டும்.

சுற்றுவார்ப்புக்குக் கீழ இன்னொரு பிரிவு கட்டாயம் வேணும்னு நினைக்கறேன். பிடிபி-8 1965ல வந்தது, 12 பிட், அடிப்படைக் கட்டளை வகை எட்டே எட்டு. அதோட கோர் மெமரில (சின்னக் காந்த வளையங்கள்ல சேமிக்கற மெமரி) ஒரு 12 பிட் தொகுப்பைப் படிச்சாலே அது அழிஞ்சுடும், உடனே திரும்ப எழுதணும், ரெண்டும் சேர்ந்து 1.5 மைக்ரோசெகண்ட், மெஷினோட தாளமே அதுதான். டெக்கோட சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்து அந்தத் தாளத்தோட கட்டினா ‘வரைபடவழி’ச் சுற்றுவார்ப்பு. கட்டளை என்ன செய்யணும்ங்கறதை மட்டும் கையேட்டுல பார்த்து இஷ்டத்துக்கு வேகமா கட்டினா ‘கட்டளைவழி’ச் சுற்றுவார்ப்பு. அசல் நேரக்கணக்கை நம்பி எழுதுன பழைய புரோகிராம் ரெண்டாவதுல தடுமாறலாம், எஃப்பிஜிஏல இருக்கறதாலயே அசலுக்கு அசல்னு யாரும் நம்பிடக் கூடாது.

எஃப்பிஜிஏவுக்கான (ஃபீல்ட் புரோகிராமபிள் கேட் அரே) சொல்லையும் இதோடயே முடிச்சுடலாம். அதுல வர்ற ‘கேட்’, அதாவது லாஜிக் கேட்டை (0, 1 உள்ளீட்டை வச்சு விடை தர்ற சின்னச் சுற்று) இலங்கைப் பாடநூல்ல ‘தர்க்கப் படலை’ங்கறாங்க, எனக்கு ‘வாயில்’ஐ விட ‘படலை’ பிடிச்சிருக்கு, ஏன்னா ‘வாயில்’ வேற பல இடத்துலயும் வருது. ‘களநிரல் படலை அணி’ன்னு போடலாமா, யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லுங்க.