வீட்டில் திருவருகைக்காலம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் இருக்கிறோம். ஆறும் ஒன்பதும் வயதில் இரண்டு பிள்ளைகள். போன வருடம் கேக், நட்சத்திரம், புது உடுப்பு என்று டிசம்பர் ஓடிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறும் இயேசு பிறப்புக்காகக் காத்திருக்கும் காலம்தானே திருவருகைக்காலம்; அந்தக் காத்திருப்பு என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அது மனசை உறுத்துகிறது.

இந்த வருடம் நான்கு ஞாயிறும் வீட்டிலேயே மெழுகுதிரி வளையம் ஏற்ற ஆசை. மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஸ். வளையத்துக்குச் சவுக்குத் தழை சுற்றினால் எத்தனை நாள் பச்சையாக நிற்கும்? மெழுகுதிரிப் பக்கத்தில் காய்ந்துபோனால் தீப்பிடிக்குமே என்ற பயமும் உண்டு.

பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் கிறிஸ்துமஸ் குடிலில் ஒரு வைக்கோல் வைக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பாலன் இயேசு படுக்க மெத்தை ஆகிவிடும். குடிலுக்குப் புல் வளர்க்க நெல்லை எப்போது விதைக்க வேண்டும்?

அப்புறம் முந்திரிக்கொத்துப் பலகாரம். அம்மச்சி போனபின் யாருக்கும் கைவரவில்லை. சிறுபயறு வறுத்துத் திரித்து, தேங்காய், எள்ளு எல்லாம் சேர்த்துத்தான் பிடிக்கிறேன். ஆனால் அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போட்டதும் உருண்டை உடைந்துவிடுகிறது. கருப்பட்டிப் பாகு என்ன பதத்தில் இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.