கொழும்புக் காற்றில் சிகார்: சுவைக்க முன்னம் ஈரத்தைப் பாருங்கள்

சிகார் பிடிக்கும் ஐந்து பேர், அவரவர் இருக்கும் இடத்தின் பேரில், மாறி மாறி எழுதுவது இது.

வெள்ளவத்தையிலிருந்து

"கசக்குது." "இழுவை இறுக்கம்." "பாதியில அணைஞ்சு போச்சு." கொழும்பில் பற்றவைத்த சிகார்களைப் பற்றி எழுதப்படும் அனுபவங்களில் இந்த மூன்று முறைப்பாடும் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றுக்கும் மூலம் பெரும்பாலும் ஈரம்தான். கியூபாவிலோ நிக்கராகுவாவிலோ இருந்து சுற்றியவரைக் குறைசொல்ல முன்னம், அந்தச் சிகார் கடைசி இரண்டு கிழமை எங்கே கிடந்தது என்று பாருங்கள்.

சிகாரில் வெளியே தெரிவது மேலிலை, அதற்குக் கீழே உள்ளிலையைச் சுற்றிக் கட்டும் கட்டிலை, நடுவில் உள்ளிலை. உள்ளிலை ஒரே இலை அல்ல. செடியின் அடியில் பறித்த வொலாடோ நன்றாக எரியும். நடுவில் பறித்த செக்கோ மணம் தரும். உச்சியில் வெயில் குடித்த லிஹேரோதான் காரம். லிஹேரோ தடிப்பானது, எண்ணெய்ப்பசை கூடியது, மெதுவாக எரிவது. அதனால்தான் கைதேர்ந்தவர் அதை நட்டநடுவில் வைத்துச் சுற்றுகிறார். ஈரம் ஏறினால் முதலில் பின்தங்குவதும் அதுதான். நெருப்பை அணையாமல் காப்பாற்ற அடிக்கடி இழுக்க வேண்டி வரும். அடிக்கடி இழுத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் கசக்கும். இலை ஊதிப்போய்க் காற்று போகிற வழியை அடைப்பதால் இழுவையும் இறுகும். மூன்று முறைப்பாடும் ஒரே கயிற்றில் கட்டியவை.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஈரப்பதன் 70 வீதம், வெப்பம் 18 முதல் 21 பாகை என்று இருக்கும். அந்த 70ஐ இங்கே அப்படியே எடுக்க வேண்டாம். கொழும்பில் வெளிக்காற்றே வருடத்தின் பெரும்பகுதி 75 வீதத்துக்கு மேல் நிற்கிறது. பற்றவைத்த பிறகும் சிகார் உலர வழியில்லை. இங்கே 65க்கு வையுங்கள். கியூபச் சிகார் என்றால் 62ம் நல்லது.

பெட்டி விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். பரிசாக வரும் மினுக்கிய மரப்பெட்டிகளில் பல மூடியோரத்தில் காற்றுக் கசிபவை. அதற்குள் இருக்கும் பஞ்சில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு தாளும் கிடக்கும். கொழும்பில் அதைச் செய்தால் இரண்டு கிழமையில் பூஞ்சணம். றப்பர் விளிம்புள்ள, நான்கு பக்கமும் கொளுக்கி போட்டுப் பூட்டுகிற சாப்பாட்டுப் பிளாஸ்ரிக் பெட்டி போதும். புறக்கோட்டையில் தாராளமாகக் கிடைக்கும். அதைக் கழுவி, மணம் போகும்வரை இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு, 25 சிகாருக்கு 60 கிராம் பொவேடா பொதி (ஈரத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் பொதி) ஒன்று என்ற கணக்கில் 65 வீதப் பொதியைப் போடுங்கள். குளிர்நாட்டில் அந்தப் பொதி ஈரம் கொடுத்துக் கொடுத்துக் காய்ந்து கட்டியாகிறது. இங்கே நடப்பது எதிர்மாறு: ஈரத்தைக் குடித்து ஊதுகிறது. உப்பித் தண்ணீர்போல் தளும்பும் பொதி தன் வேலையை முடித்துவிட்டது, மாற்றுங்கள். பெட்டியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்த்தால் எந்தப் பொதியும் தாங்காது.

புதிதாக வந்ததை இந்தப் பெட்டியில் குறைந்தது இரண்டு கிழமை, முடிந்தால் ஒரு மாதம் கிடக்கவிடுங்கள். மேலிலை இரண்டொரு நாளில் சமநிலைக்கு வந்துவிடும், உள்ளிலைக்கு அது போதாது. விரலால் மெதுவாக அமுக்கினால் பஞ்சுபோல் அமிழக்கூடாது, சருகுபோல் முறுகவும் கூடாது. அமுங்கித் திரும்பி வரவேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

வெள்ளவத்தை அண்ணை சொன்ன 65ஐ எதைக்கொண்டு அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மலிவான ஈரமானிகள் ஐந்து ஆறு புள்ளி பிழைக்கும். முள் காட்டும் வட்ட மானிகள் அதைவிட மோசம். வீட்டு உப்பாலேயே சோதிக்கலாம். போத்தல் மூடி ஒன்றில் உப்புத்தூளை நிரப்பி, ஈர மணல்போல் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்புக் கரைந்து மேலே தண்ணீர் நின்றால் கூடிவிட்டது, மறுபடி உப்புப் போடுங்கள். மூடியையும் மானியையும் ஒரு சிப் (zip) பைக்குள் வைத்து இறுக்கி மூடி ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 வீதம் காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்த மானி நான்கு குறைவாகச் சொல்கிறது. மானியிலேயே +4 என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது வண்டு. புகையிலை வண்டின் முட்டை இலைக்குள்ளேயே வரும், கண்ணுக்குத் தெரியாது. வெப்பம் 24 பாகையைத் தாண்டினால் பொரிக்கிற வாய்ப்புக் கூடும். கொழும்பு வீடு எப்போதும் அதற்கு மேல்தான். மேலிலையில் குண்டூசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை, பெட்டி அடியில் மண்ணிறத் தூள் என்றால் வண்டு வெளியே வந்துவிட்டது, பக்கத்துச் சிகார்களிலும் இருக்கும். அதனால் பெட்டியில் சேர்க்க முன்னம் எல்லாவற்றையும் உறைய வைப்பது நல்லது. இரட்டைச் சிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். பிறகு மூன்று நாள் ஃபிரீசரில், மறை 18 பாகை அல்லது அதற்குக் கீழே. பிறகு மீண்டும் ஒரு நாள் கீழ்த்தட்டில். கடைசியில் அறையில் வைத்து, பை முழுதாகச் சூடேறிய பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டு ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால் பனி படிந்து மேலிலை வெடிக்கும். பனிக்கட்டி பிடிக்கிற பழைய ஃபிரீசர் சிலவேளை மறை 12க்குக் கீழ் போகாது; அதில் மூன்று நாளை நம்பாதீர்கள், ஒரு கிழமைக்கு மேல் விடுங்கள். நடுவில் நீண்ட மின்வெட்டு வந்தால் நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

மேலிலையில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அதைப் பழமையின் அழகு என்று சொல்லி விற்பார்கள். பூஞ்சணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மட்டும் என்றால் உலர்ந்த துணியால் துடைத்து, தனியாக வைத்துக் கவனிக்கலாம். பற்றவைக்கும் முனையில், இலை மடிப்புகளுக்குள் இருந்தால் எறிய வேண்டியதுதான். எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும்.

தெஹிவளையிலிருந்து

இவ்வளவு பாடு ஏன் அண்ணை, சும்மா ஃபிரிட்ஜ்ஜிலயே வைச்சா காணாதா? அல்லது ஏசி அறையில?

வெள்ளவத்தையிலிருந்து

தம்பி, ஃபிரிட்ஜ் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது. மூடாமல் வைத்தால் காய்ந்துவிடும். மீன்குழம்பு மணமும் இலைக்குள் ஏறும். ஏசி அறையில் திறந்து வைப்பதும் சரிவராது. ஏசி ஓடும்போது 55, நிறுத்தியதும் 80. உள்ளிலை ஊதிச் சுருங்க, மெல்லிய மேலிலை தையல் விட்டதுபோல் நீளத்துக்குப் பிளக்கும்.

ஆனால் அதே ஏசிக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. நாளைக்குப் பிடிக்கப்போகிற ஒன்றை மட்டும் எடுத்து, ஏசி விடாமல் ஓடுகிற அறையில் ஒரு நாள் வெறும் சிகார்ப் பெட்டியில் வையுங்கள். 70ல் கிடந்து நனைந்ததுகூட இதில் ஓரளவு சரியாகும். இறுக்கமான இழுவை உள்ளது என்றால் இரண்டு நாள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து

வாங்கும்போது நடக்கிற பிழைகள் சில. கொஹிபா என்ற கியூபச் சிகாருக்குக் கண்ணாடி மூடி போட்ட பெட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை; யார் காட்டினாலும் போலி. கியூபப் பெட்டியின் அடியில் "ஹெச்சோ என் கூபா" என்பதோடு "டொட்டால்மென்டே ஆ மானோ" என்று மரத்தில் சூட்டு முத்திரை இருக்கும். கியூபாவில் செய்தது, முழுவதும் கையால் என்பது பொருள். பின்னது 1989 முதல் வருகிறது. பக்கத்தில் மையால் குத்திய தொழிற்சாலைக் குறியும், மாதமும் ஆண்டும் ஸ்பானிய மொழியில் இருக்கும். எனே (ENE) ஜனவரி, ஆப்ர (ABR) ஏப்ரல், ஆகோ (AGO) ஓகஸ்ட், திக் (DIC) டிசம்பர். இந்தத் திகதியைக் குறித்து வையுங்கள், சுவைக் குறிப்புக்கு அது வேண்டும். பிரித்து ஒற்றையாக விற்பதில் இது எதையும் பார்க்க முடியாது. அப்போது நம்பக்கூடியது கடையின் சேமிப்பறையை மட்டும்தான். அங்கே மானி இருக்கிறதா, என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் 2006ம் ஆண்டின் 27ம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கவும் கூடாது.

பம்பலப்பிட்டியிலிருந்து

இனிச் சுவை. முதலில் இடம். காலிமுகத்திடலிலோ மரைன் டிரைவிலோ கடலைப் பார்த்துக்கொண்டு பிடிக்க ஆசைதான், ஆனால் அங்கே வைத்து மதிப்பீடு எழுதாதீர்கள். கடற்காற்று ஒரு பக்கத்தை ஊதி எரிக்கும், சூடு கூடும், மணம் மூக்கில் நிற்காது. வீட்டு மொட்டைமாடியில் சுவரோரம் நல்ல இடம், பக்கத்தில் நுளம்புச் சுருள் மட்டும் இருக்கக்கூடாது. அதன் புகை கலந்தால் எந்தச் சிகாரும் ஒரே மாதிரி இருக்கும்.

வாயில் வைக்கிற தலைப்பக்கத்தில், வளைவு முடிகிற கோட்டுக்கு மேலே, 2 மில்லிமீற்றர் மட்டும் வெட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் மேலிலை அவிழும். வெட்டியதும் பற்றவைக்காமல் இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள். இந்தக் குளிர் இழுவையில் தெரிகிற வைக்கோல், உலர்ந்த முந்திரிகை, மரத்தூள் மணங்களை அப்போதே எழுதுங்கள். அமோனியா நெடி அடித்தால் இலை இன்னும் நொதித்து முடியவில்லை; திரும்பப் பெட்டிக்குள் வைத்து ஆறு மாதம் மறந்துவிடுங்கள். பெற்றோல் லைட்டர் வேண்டாம். பியூட்டேன் லைட்டரின் சுவாலையை முனையில் படாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்து, சுற்றிவர ஓரம் கருகி வெள்ளையாகும்வரை உருட்டுங்கள். பிறகுதான் இழுக்க வேண்டும்.

நிமிடத்துக்கு ஒரு இழுவை. நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் நிறைத்து, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக மெதுவாக விடுவது. மணத்தில் பெரும்பகுதி அங்கேதான் பிடிபடும். முதல் மூன்றிலொன்று, நடு, கடைசி என மூன்று தரம் எழுதுங்கள். 124 மில்லிமீற்றர் நீளம், 50 ரிங் கேஜ் தடிப்பு உள்ள ரொபுஸ்டோ என்ற அளவுச் சிகார் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போகும். 129க்கு 42 ஆன மொன்டெகிறிஸ்டோ நான்காம் இலக்கம் என்ற கியூபச் சிகாருக்கு முக்கால் மணித்தியாலம் போதும். ரிங் கேஜ் என்பது அங்குலத்தில் 64ல் ஒரு பங்கு. 50 என்றால் 20 மில்லிமீற்றர் விட்டம். மெல்லிய சிகாரில் மேலிலையின் பங்கு கூடும், ஆகவே இலையைப் படிக்கத் தொடங்குபவருக்கு 42தான் நல்ல பள்ளிக்கூடம்.

சொற்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "தோல், சீடர், டோஃபி" என்று வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்து எழுதினால் எழுதியவருக்கே அது விளங்காது. எங்கள் குசினியில் இருப்பவை போதும்: பனங்கட்டி, கித்துல் பாணி, வறுத்த மல்லி, கறுவாப்பட்டை, கோப்பித்தூள், வறுத்த உழுந்து, சிரட்டைக் கரி, மழை விழுந்த மண். மிளகு என்றால் நாக்கு நுனியிலா, தொண்டையிலா, மூக்கிலா என்று சேர்த்து எழுதுங்கள். எஸ்தெலி இலை கூடின நிக்கராகுவாச் சிகாரில் மூக்கில் ஏறுகிற மிளகு வேறு, இளஞ்சிகாரின் தொண்டைக் கரகரப்பு வேறு. ஐமிச்சம் வந்தால் போத்தலைத் திறந்து மணந்து ஒப்பிடுங்கள். குடிக்கத் தண்ணீர், அல்லது சீனி போடாத வெறுந்தேத்தண்ணி. சாராயம் குறிப்பு எழுதி முடிந்த பிறகு.

யாழ்ப்பாணச் சுருட்டில் பழகிய நாக்குக்கு முதல் கியூபச் சிகார் சப்பென்று தெரியும். காரணம் இலையின் பதம். எங்கள் புகையிலை தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகையூட்டிப் பதப்படுத்தியது. அந்தப் புகைக் காரம்தான் முன்னுக்கு நிற்கும். கியூபாவின் பினார் தெல் ரியோ இலை காற்றில் உலர்ந்து நொதித்தது. அதன் மணம் பின்னால் மெதுவாக வரும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் இரண்டுக்கும் அநியாயம். ஆங்கிலேயரின் 'செரூட்' என்ற சொல்லே எங்கள் 'சுருட்டு'தான். ஹவானாவில் 1865ல் சிகார் சுற்றும் தொழிலாளருக்கு வாசித்துக் காட்டும் வழக்கம் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் சுற்றுகிறவர்களுக்காக ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். கை ஓடும், காது கேட்கும். இந்த ஒற்றுமையை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது.

வெறும் வயிற்றில் வேண்டாம். விக்கல், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று வந்தால் நிக்கொட்டின் கூடிவிட்டது. வைத்துவிட்டு இனிப்பாக ஏதாவது குடியுங்கள். நெஞ்சுக்குள் இழுக்காததால் பாதகமில்லை என்பது பிழை. வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து சிகாருக்கும் உண்டு.

கொட்டாஞ்சேனையிலிருந்து

எரியும்போது வரும் குழப்பங்களையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு பக்கம் ஓடி எரிந்தால், பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடியுங்கள். கீழ்ப்பக்கத்துக்குக் காற்றுக் கூடக் கிடைக்கும், தானாகச் சமப்படும். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் மட்டும் லைட்டரால் தொடுங்கள். உள்ளே எரிந்து மேலிலை வளையமாக நின்றால், சாம்பலைத் தட்டி அந்த ஓரத்தைச் சூடாக்கிவிட்டுக் கொஞ்சம் விரைவாக இழுங்கள். மேலிலை ஈரமாகவும் உள்ளிலை காய்ந்தும் இருக்கும்போது இது வரும், ஏசி அறையிலிருந்து மழைநாளில் வெளியே கொண்டுவந்தவுடன் பற்றவைத்தாலும் வரும். வெட்டிய இடத்தில் கறுப்புப் பசை ஊறினால் துடைத்து, கோடு தாண்டாமல் இன்னும் ஒரு மில்லிமீற்றர் வெட்டலாம்.

அணைந்துவிட்டால் சாம்பலை முழுதாகத் தட்டி, பற்றவைக்கிறபோது ஒருமுறை வெளியே ஊதுங்கள், பழைய புகை போகட்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் சுவை பெரிதாகக் கெடாது. மறுநாளுக்கு வைக்க வேண்டாம், அந்த நாற்றம் பெட்டியிலுள்ள மற்றதற்கும் ஏறும். குறிப்பில் எத்தனை தரம் அணைந்தது, பெட்டியின் ஈரப்பதன், எத்தனை நாள் கிடந்தது, பெட்டித் திகதி, அன்று மழையா வெயிலா என்பதை முதல் வரியில் எழுதுங்கள். புள்ளி போடுவதென்றால் அதே பெட்டியிலிருந்து மூன்றாவதையும் பிடித்த பிறகு போடுங்கள்.