பல்லாரட், பெண்டிகோ பயணம்: வழிகாட்டுதல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் பெருகி வளர்ந்த பல்லாரட், பெண்டிகோ ஆகிய ஊர்களுக்கு, வரும் பள்ளி விடுமுறையில் என் பெற்றோரையும் மகளையும் மெல்பேர்னிலிருந்து அழைத்துச் செல்லவிருக்கிறேன்.

பல்லாரட்டின் சாவ்ரின் ஹில் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஓடை மணலைத் தட்டில் அள்ளி, நீரில் சுழற்றி அலசி, அடியில் தங்கும் பொன்துகளை மகள் தன் கையால் தேட வேண்டும் என்பதாலும், உரிமக் கட்டணத்தை எதிர்த்த சுரங்கத் தொழிலாளர்கள் 1854 டிசம்பர் 3 அன்று படையினரோடு மோதிய யுரேகா களம் அவ்வூரிலேயே இருப்பதாலும், அங்கு ஒரு முழுநாள் தங்குவதே முறை என்று கருதுகிறேன்.

பெண்டிகோவின் சென்ட்ரல் டெபோரா சுரங்கத்தில் மூட்டுவலி உள்ள அப்பாவால் நிலத்தடிக்கு இறங்கி நடக்க இயலுமா? விக்டோரியா 1855இல் கப்பலில் வந்திறங்கும் சீனர்கள்மீது விதித்த 10 பவுண்டு தலைவரியைத் தவிர்க்க, பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி நெடுந்தொலைவு நடந்தே தங்க வயல்களை அடைந்த சீனர்களின் வரலாற்றை அவர் மிகவும் மதிப்பவர். ஆகவே பெண்டிகோவில் சீனர் வரலாற்றைச் சொல்லும் கோல்டன் டிராகன் அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்றும் கூறுங்கள்.

பெண்டிகோ 2019இல் யுனெஸ்கோவின் உணவுக்கலை நகரங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அம்மா முட்டையும் உண்ணாத சைவர் என்பதால், அவருக்கு ஏற்ற உள்ளூர் உணவு கிடைக்கும் கடைகளைச் சென்றுவந்தவர்கள் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.