தோய்ச்சல் போட்டதும் டி-பிட் வளைகிறது, வழி சொல்லுங்கள்

வீட்டு லேத்தில் நானே செய்யும் டி-பிட் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும், பாதி வட்ட முனைக் கருவி) தோய்ச்சல் போடும்போதெல்லாம், அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்கும்போதெல்லாம், வளைந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் இது நான்காவது.

10 மி.மீ. சில்வர் ஸ்டீல் (கடினமாக்கக்கூடிய கருவி எஃகு) கம்பி, மொத்த நீளம் 120 மி.மீ. முனையில் 45 மி.மீ. தூரத்துக்கு, பாதியைவிட ஒரு மயிரிழை கூடுதலாக, 5.05 கனம் நிற்கும்படி தட்டையாக மில் செய்கிறேன். கேஸ் டார்ச்சில் காந்தம் ஒட்டாத அளவு சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறேன். கடினம் அருமையாக வருகிறது. அரம் வைத்தால் கண்ணாடியில் போவதுபோல் வழுக்குகிறது. ஆனால் தண்டை வி பிளாக்கில் (உருளையைத் தாங்கும் வி வடிவக் கட்டை) வைத்து முதுகில் டயல் கேஜை (நுண்ணிய விலகலைக் காட்டும் முள் அளவி) ஓட்டினால் முனை 0.35 முதல் 0.4 மி.மீ. வரை விலகியிருக்கிறது. நான்கும் ஒரே பக்கம்தான் வளைந்தன: தட்டை முகம் வெளியே புடைக்கிறது.

முதல் துண்டைச் சாய்வாக முக்கினேன், அது என் தவறு. அப்புறம் எல்லாமே செங்குத்தாகத்தான். ஒன்றை முன்னதாகவே மங்கிய சிவப்புக்குக் காய்ச்சிச் சாம்பலில் மெல்ல ஆறவிட்டேன், பலனில்லை. எண்ணெயில் முக்கியதில் வளைவு 0.2க்குக் குறைந்தது, ஆனால் அரம் கடித்தது, கடினம் போதவில்லை. வைஸில் பிடித்து நிமிர்த்தப் பார்த்தது பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த இடம் நுண்ணிய சாம்பல் நிறம், அதனால் சூடு மிஞ்சவில்லை என்றே நினைக்கிறேன்.

தட்டை முகத்தைத் துல்லியமாகத் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டர் கிடையாது. பெஞ்ச் கிரைண்டரும் எண்ணெய்க் கல்லும்தான். இதை வைத்துக்கொண்டு வளைவை 0.05க்குள் நிறுத்த, தோய்ச்சலுக்கு முன் தட்டை முகத்தில் எவ்வளவு கனம் விட்டுவைக்க வேண்டும்?