என்சிடி (சுகர், பி.பி. மாதிரி தொற்றா நோய்) ஸ்டாஃப் நர்ஸ், சுகர்ல பி.ஜி. டிப்ளமோ பண்ணலாமா? மலையில வேலை பார்க்கிறவங்க சொல்லுங்க

கோத்தகிரி_சிஸ்டர்:
வணக்கங்க. கோத்தகிரி பக்கம் ஒரு பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) என்சிடி பார்க்கிறேன், பி.எஸ்ஸி நர்சிங் முடிச்சு 9 வருஷம் ஆச்சு. யுகே யுனிவர்சிட்டி ஒண்ணுல ஆன்லைன்லயே டயாபெடிஸ் பி.ஜி. டிப்ளமோ இருக்கு, டாக்டர் மட்டும் இல்லாம நர்ஸ், டயட்டீஷியன், ஃபார்மசிஸ்ட்டையும் எடுக்கிறாங்களாம். ஃபீஸ் லட்சக்கணக்குல வருது, வீட்டுக்காரர் நகையை வெச்சுக்கலாம்ங்கிறார், எனக்குத்தான் வயித்தக் கலக்குது.

ஏன் இந்த ஆசைன்னா, ஜனவரில ஒரு எஸ்டேட் பாட்டி காலங்காத்தால ஃபாஸ்டிங் பார்க்க வந்தாங்க, விரல் ஐஸா இருக்கு, குத்தினா ரத்தமே வரல, பிழிஞ்சு பிழிஞ்சு எடுத்து வெச்சா மீட்டர்ல தெர்மாமீட்டர் படம் வந்து நின்னுடுச்சு, நான் மீட்டர் ரிப்பேர்னு சொல்லி பாட்டியத் திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் ஸ்ட்ரிப் டப்பாவுல இருந்த பேப்பரப் படிச்சா, 10 டிகிரிக்குக் கீழ அது வேலை செய்யாதாம். இத்தனை வருஷத்துல இது தெரியாம இருந்திருக்கேன். இன்னும் என்னென்ன தெரியலையோ.

குன்னூர்_எம்பிபிஎஸ்:
சிஸ்டர், இதே மாதிரி ஒண்ணு நான் முடிச்சேன். லெக்சர் கம்மி, ஒரு கேஸப் போட்டுட்டு ஏன் இந்த மருந்து, ஏன் இந்த டோஸ்னு குரூப்ல எழுத விடுவாங்க. அதுவரைக்கும் நான் முன்னாடி இருந்த டாக்டர் எழுதினதையே ரிப்பீட் பண்ணிட்டு இருந்தவன்தான். மொத்தம் 120 கிரெடிட் (படிப்போட அளவுக்கு அவங்க போடுற கணக்கு), மேல 60 கிரெடிட் தீசிஸ் பண்ணா எம்.எஸ்ஸி. ஆனா அவங்க கைட்லைன்ல வர்ற பாதி மருந்து நம்ம பிஎச்சி ஸ்டாக்ல இருக்காது, அத மனசுல வெச்சுக்குங்க. இத முடிச்சா ப்ரமோஷன் வரும்னு நம்பி நகையை வெக்காதீங்க. நானே இதக் காட்டி டயபெட்டாலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது. பி.எச்.எஃப்.ஐ.யும் (பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா) டாக்டர் மோகன்ஸ் அகாடமியும் 2010ல ஆரம்பிச்ச சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் ஒண்ணு இருக்கு, மாசம் ஒரு நாள் கிளாஸ், ஆனா அது டாக்டருங்களுக்கு மட்டும்.

கூடலூர்காரன்:
டாக்டர் சார் சொன்னது சரி, கூட ஒண்ணு. எந்தக் கோர்ஸ் படிச்சாலும் ஹெச்பிஏ1சி (3 மாச சுகர் ஆவரேஜ் சொல்ற ரத்த டெஸ்ட்) பாடத்த நல்லாப் படிங்க சிஸ்டர். நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற பரம்பரைக் கோளாறு) இருக்குன்னு 1952லயே ஜர்னல்ல வந்தாச்சு. சிவப்பணு 120 நாள் இருக்கும்ங்கிற கணக்குலதான் 3 மாச ஆவரேஜ் சொல்றோம், சிக்கிள் செல் நோய் இருக்கிறவங்களுக்கு அது சீக்கிரமே உடைஞ்சுடும், அப்ப சுகர் எகிறிக் கெடந்தாலும் ரிப்போர்ட்ல 5.6னு அழகா வரும். நான் லேப் டெக்னீஷியன், எங்ககிட்ட ஒரு அண்ணனுக்கு அப்படி வந்து ‘கன்ட்ரோல்ல இருக்கு’ன்னு அனுப்பிட்டாங்க, சாப்பிட்டப்புறம் எடுத்துப் பார்த்தா 300க்கு மேல. இந்த மாதிரி ஆளுங்களுக்கு ரத்த சுகரத்தான் நம்பணும், இல்ல ஃப்ரக்டோசமின் (சிவப்பணுவச் சாராத, 2-3 வார சுகர் ஆவரேஜ் டெஸ்ட்) பார்க்கணும்.

பூம்பாறை_அக்கா:
கண்ணு, நான் கொடைக்கானல் பக்கம், ரிட்டயர்டு நர்ஸ். ஆன்லைன்ல எல்லாம் வரும், சுகர்காரங்க காலைப் பார்க்கிறது மட்டும் வராது. பூண்டுக் காட்டுக்காரர் ஒருத்தர் ராத்திரி குளிருக்கு நெருப்புச் சட்டிகிட்ட காலை நீட்டிட்டுத் தூங்கிட்டார், காலைல உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், சுகர்ல கால் மரத்துப்போயிருந்ததால அவருக்கு ஒண்ணுமே தெரியல, சம்சாரம் பார்த்துதான் கூட்டிட்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி 4 வருஷம் எங்ககிட்ட மாத்திரை வாங்கினவர்தான், ஒரு தடவைகூட சாக்ஸக் கழட்டச் சொன்னதில்ல. நான்தான் அவருக்கு மாத்திரை குடுத்தவ. 10 கிராம் மோனோஃபிலமென்ட் (கால்ல உணர்ச்சி இருக்கான்னு தொட்டுப் பார்க்கிற நைலான் இழை) வெச்சு கால் பார்க்கிறத நேர்ல ஒருத்தர் பக்கத்துல நின்னு கத்துக்கணும். லீவு போட்டாவது மெடிக்கல் காலேஜ்ல சுகர்காரங்க கால் பார்க்கிற ஓபில 2 வாரம் நிக்க முடியுமான்னு கேளு, நகைய அப்புறம் வெச்சுக்கலாம்.

கோத்தகிரி_சிஸ்டர்:
எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா, இன்னிக்கு ஓபில 11 பேருக்கு சாக்ஸக் கழட்டச் சொன்னேன், திட்டிட்டேதான் கழட்டினாங்க, ரெண்டு பேருக்கு விரலிடுக்குல புண்ணு. சார், 120 கிரெடிட்டுக்கும் ஃபீஸ் கட்டாம பாதில நிறுத்த முடியுமா?

குன்னூர்_எம்பிபிஎஸ்:
60 கிரெடிட்ல பி.ஜி. சர்ட்டிஃபிகேட்னு தர்ற இடம் இருக்கு, மெயில் போட்டுக் கேளுங்க. ஐஈஎல்டிஎஸ் (இங்கிலீஷ் பரீட்சை) வேணுமான்னும் சேர்த்துக் கேட்டுடுங்க, அதுக்குத் தனியா காசு. பாட்டி என்ன ஆனாங்க?

கோத்தகிரி_சிஸ்டர்:
ஆளனுப்பி வரவெச்சேன் சார். மீட்டர ஸ்வெட்டருக்குள்ளயே வெச்சிருந்தேன், சுடுதண்ணி டம்ளரக் கையில குடுத்து அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சுட்டுக் குத்தினா முதல் தடவையே வந்துடுச்சு. ஃபாஸ்டிங் 218.