கலைச்சொல் விவாதம்: வான் வேன் எந்தச் சங்கத்தின் தலைவர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நெதர்லாந்தின் கிறிஸ் வான் வேன் பற்றிய குறிப்பில், அமைச்சர் பதவிக்குப் பிறகு அவர் வகித்த பொறுப்பை 'வணிகர் சங்கத் தலைவர்' என்று போட்டால் போதும் என முந்தைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வணிகர் சங்கம் என்றதும் நமக்கு நினைவு வருவது கடைவீதி, கடையடைப்பு, வரிக் குறைப்பு கேட்டு ஒரு மனு. வான் வேன் தலைமை தாங்கியது அப்படிப்பட்ட அமைப்பு அல்ல. தொழிற்சங்கங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடு முழுவதற்குமாகக் கூலி பேசிய அமைப்பு அது.

அவர் வந்த வழியைப் பாருங்கள். கிறித்தவ வரலாற்று ஒன்றியம் என்ற கட்சிக்காரர். 1967 முதல் உள்துறையில் இணையமைச்சர், 1971 முதல் 1973 வரை கல்வி அமைச்சர். 1974இல் நெதர்லாந்துத் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான விஎன்ஓவுக்குத் தலைவராகி, 1984 வரை பத்தாண்டு இருந்தார்.

அந்தப் பத்தாண்டில் ஒரு நாள்தான் இன்றுவரை பேசப்படுகிறது: 1982 நவம்பர் 24. வேலையின்மை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த நேரம். ருட் லுபர்ஸ் பிரதமராகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நீங்களாகப் பேசி முடிக்காவிட்டால் கூலியில் அரசு கைவைக்கும் என்ற நெருக்கடி வேறு. ஹேக் நகரை ஒட்டிய வாசனாரில் வான் வேனின் வீடு. அங்கேதான் அவரும் தொழிற்சங்கத் தலைவர் விம் கோக்கும் பேசி உடன்பாட்டைக் கனியவைத்தார்கள். ஒப்பந்தத்துக்கு அந்த ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. விலை ஏறினால் கூலியும் தானாக ஏறும் என்ற உரிமையைத் தொழிற்சங்கம் தளர்த்திக்கொண்டது. பதிலுக்கு வேலை நேரத்தைக் குறைத்து, இருக்கும் வேலையைப் பலருக்கும் பகிர மறுபக்கம் இசைந்தது. 40 மணி நேர வாரம் அடுத்த ஆண்டுகளில் பல துறைகளில் 38 ஆனது. அமைச்சராக இருந்தவர் நிறுவனங்களின் சார்பில். எதிரே இருந்த கோக் பின்னாளில், 1994இல், பிரதமரே ஆனார். இந்த இருவரையும் 'வணிகர் சங்கம்' என்ற சொல்லுக்குள் எப்படி உட்கார வைப்பது?

சரி, 'முதலாளிகள் சங்கம்'? இலங்கையில் தோட்டத் தொழிலாளர் சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் 'முதலாளிமார் சம்மேளனம்' செய்தியில் அடிபடும். அங்கே அது இயல்பான சொல். ஆனால் முதலாளி என்றால் முதல் போட்டவர். வான் வேன் முதல் போட்டு அந்த நாற்காலிக்கு வரவில்லை, அரசுப் பொறுப்பிலிருந்து வந்தார். முதலாளி என்று எழுதினால் அவருடைய வாழ்க்கையின் திருப்பமே மறைந்துபோகும்.

டச்சுக்காரர்கள் சொல்வது 'வெர்க்கேவர்'. வெர்க் என்றால் வேலை, கேவர் என்றால் கொடுப்பவர். எதிர்ச்சொல் 'வெர்க்னேமர்', வேலையை எடுத்துக்கொள்பவர். ஜெர்மனிலும் இதே ஜோடி உண்டு. உழைப்பைக் கொடுப்பவன் தொழிலாளிதானே, அவனை எடுப்பவன் என்பதா என்று எங்கெல்ஸ் 1883இலேயே இதைச் சாடினார். அவர் கேட்டது நியாயம். நம் பேச்சுத் தமிழ் இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறது: வேலை கொடுக்கிறவரும் அவரே, வேலை வாங்குகிறவரும் அவரே. 'ஆளை வைத்து நல்லா வேலை வாங்குவார்' என்று சொல்கிறோமே. ஆனால் 'வேலைவாங்குநர்' என்று எழுதினால் வேலை தேடி வாங்கியவர் என்றும் படிக்கலாம். அதனால் அதை விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்தான்.

புதிதாக ஒன்றைக் கட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம். இலங்கைத் தமிழில் 'தொழில்தருநர்' படிவங்களில் புழங்கும் சொல். 'தருநர்' காதுக்கு நன்றாக இருக்கிறது, பன்மை சேர்க்கவும் திணறாது. தமிழ்நாட்டு வாசகர் ஒருமுறை தயங்குவார், அப்புறம் பழகிவிடும். அமைப்பின் வகையைச் சொல்ல 'தொழில்தருநர் கூட்டமைப்பு'. விஎன்ஓவின் பெயராக எழுதும்போது 'நெதர்லாந்துத் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு'. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் கூலி ஏற்ற உரிமையை 'அகவிலைப்படி' என்று யாரும் மாற்றிவிடாதீர்கள். நம் அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்துக்குப் பக்கத்தில் தனித் தொகையாக நிற்கும். அங்கே சம்பளமே ஏறியது. 'விலையேற்ற ஈடு' என்று முன்மொழிகிறேன்.

குறிப்பின் வரியை இப்படி மாற்றலாமா?

"கல்வி அமைச்சராக இருந்த வான் வேன், 1974இல் தொழில்தருநர் கூட்டமைப்பின் தலைவரானார், 1982இல் விலையேற்ற ஈட்டைத் தளர்த்தி வேலையைப் பகிரும் ஒப்பந்தம் அவர் வீட்டில் உருவானது."

மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்