வளர்பருவ நினைவுக்குறிப்பில் நம்பிக்கை: உபதேசமாகாமல் எழுதுவது எப்படி?

மைக்கூடு:
பத்து வயது முதல் பதினேழு வரையிலான நினைவுக்குறிப்பு. முதல் வரைவைப் படித்தவர்கள் "நடுவில் மூச்சு முட்டுது" என்கிறார்கள். அத்தியாயக் கடைசியில் இரண்டு நம்பிக்கை வரி சேர்த்தால் ஆண்டுவிழாப் பேச்சாகிவிடுகிறது. எதை மாற்றலாம்?

பிழைதிருத்தி:
அந்த இரண்டு வரிகளை முதலில் வெட்டுங்க. அவை இன்றைய உங்கள் பேச்சு. காட்சியில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன ஆகும் என்றே தெரியாது. பிரதியை அச்செடுத்து, அன்றைக்குத் தெரிந்ததை ஒரு நிறத்திலும் இன்றைக்குத் தெரிவதை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடுங்க. துயரக் காட்சி நடுவே "பின்னாளில்தான் புரிந்தது" என்று வந்தால், பிள்ளை தப்பித்துவிட்டது தெரிந்துபோய் வாசகருக்குப் பதற்றம் விட்டுப்போகும். அந்தக் குரல் காட்சிக்கு முன்னாலோ, முடிந்து ஒரு வரி இடைவெளி விட்டோ வரட்டும்.

மூச்சு முட்டுவது பெரும்பாலும் துயரத்தின் அளவால் இல்லை, வினைமுற்றால். "குடிச்சிட்டு வருவார், அடிப்பார், பட்டினியா படுப்போம்" என்றே பக்கங்கள் ஓடினால் எதுவும் நடக்காது, எல்லாம் வழக்கம். வழக்கத்தை ஒரு பத்தியில் முடித்து ஒரே ஒரு இரவுக்குள் போங்க: வந்தார், கதவு திறக்கவில்லை, தம்பி என்ன செய்தான்?

அட்டைக்காரி:
காட்சிக்கு ஒரு அட்டை, அதில் மூணு வரி. பிள்ளைக்கு என்ன வேணும், அதுக்கு என்ன செஞ்சுது, கடைசியில் என்ன மாறுச்சு. "நல்லா வாழணும்" போதாது; "சனிக்கிழமைக்குள்ள தேர்வுக் கட்டணம்" என்கிற அளவுக்குக் குறிப்பா இருக்கணும். தொடர்ந்து மூணு அட்டையில் நடுவரி காலியா இருந்தா அங்கேதான் புத்தகத்தை மூடுவாங்க. செஞ்சது தோத்திருக்கலாம், பொய்யாகவோ திருட்டாகவோ கூட இருக்கலாம். முயற்சி இருந்தா நம்பிக்கையைத் தனியா சொல்ல வேண்டாம்.

தெருவிளக்கில் படிச்ச காட்சி மட்டும் வேண்டாம், நிஜமாவே நடந்திருந்தாலும் :)

சிரிப்பைத் தேடுங்க. கடன்காரர் மாதிரி நடிச்சுக் காட்டிப் பிள்ளைங்க சிரிச்சிருப்பாங்க. மரியாதைக் குறைவுன்னு அதை விட்டிருப்பீங்க.

மைக்கூடு:
கல்லூரியில் இடம் கிடைத்ததோடு முடிக்கலாமா? அப்பா இறந்த அத்தியாயத்தை எழுதவே முடியவில்லை.

வரைவாளர்:
அங்கே முடித்தால் பட்டதெல்லாம் அந்த இடத்துக்குக் கட்டிய விலை போலாகிவிடும். ரஷ்ய எழுத்தாளர் கார்க்கி தன் பிள்ளைப்பருவ நினைவு நூலை 1913-14இல் வெளியிட்டபோது உலகறிந்த எழுத்தாளர். நூலோ, அம்மா இறந்ததும் தாத்தா சிறுவனைப் பிழைக்க அனுப்பும் இடத்தில் நின்றுவிடுகிறது. பாட்டியும் அவள் கதைகளும் ஏற்கெனவே வெளிச்சம் தந்துவிட்டதால் முடிவில் வெற்றி தேவைப்படவில்லை.

அப்பா அத்தியாயத்தை வரிசைப்படி எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. உளவியலாளர் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் மாணவர்கள் தங்களை வதைத்த அனுபவத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கூடுதலாகத்தான் கனத்தது. எனவே கடிகாரம் வைத்து எழுதுங்கள், தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். பல நாள் தூக்கம் கெட்டால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அப்படி எழுதியதை அப்படியே நூலில் ஒட்டாதீர்கள். அறையில் என்ன இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள். அப்பா எதையாவது கைநேர்த்தியாகச் செய்த காட்சி ஒன்று முன்னாலேயே வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சாவு வாசகருக்கு வெறும் விடுதலையாகத்தான் படும்.